வீட்டுத் தோட்டமும் கொல்லாமைச் சீலமும்

பௌத்தராகிய நம்மை நோக்கி அயலார் கேட்கும் வினாக்களுள் சில அறியும் விருப்பத்தால் எழுவன. சில நகையாட்டாக எழுவன. "நீங்கள் பஞ்சசீலம் ஏற்றவர்களாயிற்றே! கத்தரிக்காயில் புழு விழுந்தால் என்ன செய்வீர்கள்?" என்பது பெரும்பாலும் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. வேலிக்கு அப்பால் நின்று, செடிக்கு நீர் வார்த்துக்கொண்டே கேட்கப்படுவது. கேட்டவர் விடைக்குக் காத்திருப்பதுமில்லை. அடுத்த நொடியே தம் அவரைப் பந்தலைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார். ஆயினும் நகையாட்டாகக் கேட்டதனாலேயே அது வெறும் வினா ஆகிவிடாது. நாள்தோறும் காலையில் திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதிவிட்டு, அரை நாழிகைக்குள் கத்தரிப் பாத்தியில் நிற்கும் உபாசகருக்கு இஃது உண்மையான சிக்கலாகும்.

நம்மவருள் வீட்டுத் தோட்டம் வைத்திருப்போர் பலர். கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளருக்கென்று கட்டப்பட்ட லைன் வீடுகளின் முன்னும் பின்னும் கிடைத்த சிறு துண்டு நிலத்தில் முருங்கையும் அவரையும் வளர்த்த குடும்பங்களை அறியாதார் இரார். 2001 ஆம் ஆண்டில் சுரங்கம் மூடப்பட்ட பின்னர், நாள்தோறும் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்பும் வாழ்க்கை அங்குள்ளோர் பலருக்கு அமைந்தது. அத்தகையோருக்கும் ஞாயிற்றுக்கிழமைக் காலை செடிகளோடு கழிகிறது. பெங்களூரில் குடியேறியோர் மண் இல்லாக் குறையால் மொட்டை மாடியில் பழைய வாளிகளிலும் சாக்குகளிலும் கீரை விதைக்கின்றனர். இவர்கள் கூடுமிடத்தில் நிகழும் பேச்சு தனிச்சுவை உடையது. காராமணியில் அசுவினி ஏறிவிட்டது, உம் வீட்டில் எப்படி என்பார் ஒருவர். புடலைப் பிஞ்சின் நுனியில் கல் கட்டித் தொங்கவிட்டால்தான் நேராக வளரும் என்பார் இன்னொருவர். தம் பூசணிக்காயின் எடையைச் சொல்லும்போது மட்டும் நாலாம் சீலம் சற்றே தளர்ந்துவிடுவதும் உண்டு. மீன் பிடிப்போரைப் போலவே தோட்டக்காரருக்கும் இக்குறை உண்டு. அதனைப் பெரிதுபடுத்த வேண்டுவதில்லை.

முதற்சீலத்திற்கே வருவோம். உயிர்க்கொலையினின்று விலகும் பயிற்சியை மேற்கொள்கிறேன் என்பதே நாம் சொல்லும் உறுதிமொழியின் பொருள். ஒரு தேவன் இட்ட கட்டளையை மீறினால் வரும் தண்டனையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. பயிற்சி என்ற சொல்லே, இன்று முழுமை எய்தாதவன் ஏற்கும் ஒன்று என்பதைக் காட்டும். கொலை எது என்பதற்கும் அட்டகதை ஆசிரியர்கள் ஐந்து உறுப்புகளைக் கூறினர்: உயிர் ஒன்று இருத்தல், அஃது உயிர் என்று அறிதல், கொல்லும் எண்ணம், அதற்கான முயற்சி, அதனால் உயிர் நீங்குதல். ஐந்தும் கூடினாலன்றிக் கொலைக் கருமம் நிறைவுறாது. மண்வெட்டியால் பாத்தி கொத்துகையில் மண்புழு துண்டுபட்டால், கொத்தியவர்பால் கொல்லும் எண்ணம் இல்லை. கண்ணிழந்த சக்குபாலத் தேரரின் வரலாறு தம்மபத அட்டகதையின் முதற்கண்ணே சொல்லப்படுவது இக்கருத்தை விளக்கவே. மழை பெய்து ஓய்ந்த இரவில் அவர் உலாவிய இடத்தில் பூச்சிகள் மிதிபட்டு இறந்து கிடந்தன. கண்ட பிக்குகள் முறையிட, தேரருக்குக் கொல்லும் எண்ணம் இல்லையென்று ததாகதர் விடையிறுத்தார்.

நிகண்டருக்கும் நமக்கும் உள்ள வேறுபாடு இதுவே. மச்சிம நிகாயத்து உபாலி சுத்தத்தில், உடலால் நிகழும் செயலே பெரும் பாவம் என்னும் நிகண்டர் கொள்கையை எடுத்துக்கொண்டு, நடக்கும்போது நிகண்டர் அறியாமலே கொல்லும் சிற்றுயிர்களைப் பற்றிப் பகவர் வினவுகிறார். எண்ணமே முதன்மையானது என்பது அவ்விடத்து நிலைநாட்டப்படுகிறது. பிக்குகளுக்கு மண்ணைத் தோண்டுதலும் செடியை ஊறுபடுத்தலும் விநயத்தில் விலக்கப்பட்டன என்பது உண்மை. மண்ணிலும் மரத்திலும் உயிருண்டு என்று அக்கால மக்கள் கருதினமையால் எழுந்த விதிகள் அவை. இல்லறத்தாருக்கு அவ்விதிகள் இல்லை. ஏகநாலம் என்னும் மகத நாட்டு ஊரில் ஐந்நூறு ஏர் பூட்டி உழுதுகொண்டிருந்த பாரத்துவாசரிடம் பிச்சைக்கு நின்ற பகவர், அவருடைய உழவைப் பழிக்கவில்லை. உழவின் உறுப்புகளையே உவமையாக்கித் தம் நெறியை விளக்கினார். கோலியர் நாட்டுத் தீகஜாணுவுக்கு இல்லற நலத்தைக் கூறுமிடத்தும் உழவு முதலிய தொழில்களில் ஊக்கமுடைமை வேண்டும் என்றார். உபாசகர் செய்யலாகாத வாணிகம் ஐந்து என வகுத்தபோது உழவு அவற்றுள் இடம்பெறவில்லை. ஆனால் நஞ்சு விற்றல் இடம்பெற்றுள்ளது. இதனை நினைவில் இருத்துக.

இவ்வளவோடு நின்றால் வினா எளிதில் தீர்ந்துவிடும். எண்ணமே கருமம்; எனக்குக் கொல்லும் எண்ணமில்லை; என் எண்ணம் கத்தரிக்காயைக் காப்பதே என்று சொல்லிக்கொண்டு தெளிப்பானைத் தோளில் மாட்டலாம். அங்ஙனம் சொல்வோரும் உளர். இது தன்னைத்தானே ஏமாற்றுதலாகும். புழு சாக வேண்டும் என்பதற்காகவே வாங்கிய ஒன்றை, புழு இருக்குமிடம் பார்த்துத் தெளித்துவிட்டு, சாவு என் எண்ணத்தில் இல்லை என்பது எங்ஙனம் பொருந்தும்? ஐந்து உறுப்புகளும் அங்கே குறைவறக் கூடியுள்ளன. இதற்கு நம் நாட்டு வழக்குச் சொல்லும் துணை செய்கிறது. பூச்சியைக் கொல்லும் நஞ்சை நாம் 'மருந்து' என்கிறோம். "மருந்து அடித்தாயா?" என்றே ஒருவரை ஒருவர் கேட்கிறோம். குப்பியின்மேல் சிவப்பு முக்கோணமும் மண்டையோடும் அச்சிடப்பட்டிருந்தாலும் அதன் பெயர் மருந்துதான். நஞ்சை மருந்தென்று அழைக்கும் மொழியில் வளர்ந்தவர்களுக்கு அதனைத் தெளிப்பதும் ஒருவகை வைத்தியமாகவே தோன்றும்.

வேப்பெண்ணெயும் இதில் விலக்கன்று. இயற்கையானது, ஆதலின் கொலையன்று என்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். வேம்பின் சாறு பட்ட இலையைப் புழு உண்ண மறுக்கிறது. உண்டாலோ தோலுரித்து வளரும் அதன் இயல்பு கெட்டு மடிகிறது. புழு செடியை அணுகாமலிருக்க முன்னரே தெளிப்பது ஒன்று; ஏறிவிட்ட புழு சாகட்டும் என்று தெளிப்பது வேறொன்று. எண்ணெய் ஒன்றே. மண்ணுக்கும் உண்பவருக்கும் வேம்பு தீங்கு குறைந்தது என்பதில் ஐயமில்லை. அதற்காக அதனைப் பயன்படுத்துவதும் நன்றே. ஆனால் சீலத்தைப் பொறுத்தவரையில் இயற்கை, செயற்கை என்ற பாகுபாடு நமக்கு உதவாது.

பாபாசாகேப் டாக்டர் அம்பேத்கர் இவ்விடத்து நமக்கு வழிகாட்டுகிறார். அவர் மறைவிற்குப் பின் 1957 ஆம் ஆண்டில் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் நூலில், பகவர் கொல்லாமையை விதியாக வகுக்காமல் கொள்கையாகவே வைத்தார் என்று அவர் விளக்குகிறார். விதி மனிதனைக் கட்டிவிடும். கொள்கை அவனைச் சிந்திக்க வைக்கும். தேவையினால் கொல்வதற்கும் கொல்லும் விருப்பத்தினால் கொல்வதற்கும் இடையே அவர் கோடு கிழிக்கிறார். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் ஏற்கப்பட்ட உறுதிமொழிகளுள்ளும் எல்லா உயிர்களிடத்தும் இரக்கம் கொண்டு அவற்றைக் காப்பது என்பது ஒன்று.

ஆனால் 'தேவை' என்ற சொல் எளிதில் நீளும் தன்மையது. ஒருவருக்கு நான்கு கத்தரிச் செடியே மாதத்தில் பத்து நாள் குழம்புக்கு வழி. இன்னொருவருக்கு அதே நான்கு செடி ஓய்வுநேர இன்பம். காய் போனால் கடைக்குப் போவார். இருவருக்கும் தேவை ஒன்றாகுமா? ஆகாது என்பதே எம் கருத்து. ஏழைக்கு இருக்கும் தேவையைக் காட்டி, வசதியுள்ளவர் தம் தோட்டத்தில் நஞ்சு தெளிப்பது கடன் வாங்கிய நியாயம்.

அப்படியாயின் வசதியுள்ளவர் தோட்டத்தையே விட்டுவிட்டுக் கடைக்காயை உண்பது குற்றமற்றதோ எனின், அதுவும் அன்று. கடைக்காய்க்கும் எங்கோ ஒரு வயலில் எவரோ ஒருவர் நஞ்சு தெளித்திருக்கிறார். அவர் பெரும்பாலும் நிலமற்ற கூலியாள். முகமூடியும் கையுறையும் இன்றி, காற்று வீசும் திசையை நோக்கி நிற்க நேர்பவர். அவருள் நம் உறவினர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். டி.டி.டி.யின் பூச்சிகொல்லும் ஆற்றலைக் கண்டறிந்தவருக்கு 1948 இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. 1989 இல் அது நம் நாட்டு வேளாண்மையினின்று விலக்கப்பட்டது. கேரளத்துக் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களின்மேல் ஆண்டுக்கணக்காக வானிலிருந்து எண்டோசல்பான் தெளிக்கப்பட்டது. அங்குள்ள மக்களின் துன்பம் நாடறிந்தது. 2011 இல் உச்சநீதிமன்றம் அதனைத் தடை செய்தது. தம் கையால் புழுவைத் தொடாதவர் தூயவர் என்னும் எண்ணம், கொலையைப் பிறர் கையில் ஒப்படைத்துவிட்டுத் தாம் சோறு உண்ணும் பழைய வழக்கத்தின் இன்னொரு வடிவமேயாகும். அவ்வழக்கத்தின் சுமையைத் தாங்கியவர்கள் நாம்.

இனிப் பாத்திக்கு வருவோம். கத்தரியின் பெரும்பகை தண்டையும் காயையும் துளைக்கும் புழு. சிறிய வெண்ணிற அந்துப்பூச்சி இரவில் வந்து இலையின் அடியிலும் இளந்தளிரிலும் காய்க்காம்பின் அருகிலும் முட்டையிடுகிறது. சில நாளில் பொரிந்த புழு தளிருக்குள் புகுந்துவிடும். அதன்பின் வெளியே தெரிவது, நண்பகலில் தலை சாய்ந்து வாடிய ஒரு நுனி மட்டுமே. காய் பிடித்த பின்னர் வந்தால் காம்பினடியில் துளைத்து உட்செல்லும். அறுத்துப் பார்க்கும்வரை காய் அழகாகவே இருக்கும். உள்ளே புகுந்தபின் எந்த நஞ்சும் அதனை எளிதில் எட்டுவதில்லை என்பதைத் தெளிப்போர் பலர் அறியார். ஆகவே மீண்டும் மீண்டும் தெளிக்கின்றனர். காயில் நஞ்சு ஏற, புழு உள்ளே நலமாக இருக்கிறது.

இதற்கு முதல் வழி தடுத்தல். செடி பூக்குமுன்னரே பழைய கொசுவலையால் கூடாரம் போல் மூடிவிட்டால் அந்துப்பூச்சி அணுகாது. வலைக்குள் வண்டு வாராதே, காய்க்குமா என்று சிலர் அஞ்சுவர். கத்தரிப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். காலையில் செடியை மெல்ல அசைத்துவிட்டால் போதும். பாகலுக்கும் புடலைக்கும் இது பொருந்தாது. அவற்றிற்கு வண்டும் தேனீயும் வந்தே ஆகவேண்டும். அங்கே பிஞ்சு இறங்கியவுடன் ஒவ்வொன்றையும் காகிதப் பையாலோ துணியாலோ மூடினால் பழ ஈ முட்டையிட இயலாது. அவரையில் ஏறிய அசுவினியை நீரை வேகமாகப் பாய்ச்சி உதிர்க்கலாம். பொறிவண்டு வரும்வரை பொறுத்தால் அது தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். நஞ்சு தெளித்தவர் தோட்டத்தில் முதலில் மறைவது இப்பொறிவண்டே.

தடுத்தும் புகுந்த புழுவை என்ன செய்வது? வாடிய நுனியைக் கிள்ளி எடுத்தல் வேண்டும். அந்நுனிக்குள் புழு உயிருடன் இருக்கிறது. கிள்ளியதை எருக்குழியில் போட்டுவிட்டு, அது எங்கேனும் பிழைத்துக்கொள்ளும் என்று சொல்லிக்கொள்வது ஒரு வழக்கம். அது பிழைத்தால் அந்துப்பூச்சியாகி நூறு, இருநூறு முட்டைகள் வரை இடும். பிழையாவிட்டால் நாம் கொன்றோம். இரண்டில் ஒன்றை அறிந்தே செய்கிறோம். தொடக்கத்தில் இரண்டு நுனிகளைக் கிள்ளுபவர், பின்னர் இருநூறு புழுக்களைக் கொல்லும் நிலைக்கு வாரார் என்பது உண்மை. ஆயினும் அவ்விரண்டும் உயிர்களே. கணக்குக் காட்டி அவற்றை இல்லையென்று ஆக்கிவிட முடியாது. எம் துணிபு யாதெனின், கிள்ளுக. கிள்ளும்போது கொல்கிறோம் என்று அறிந்தே கிள்ளுக என்பதாம். இஃது ஆறுதல் தரும் விடையன்று. பயிற்சி என்று சீலத்தை ஏற்றவனுக்கு ஆறுதலைவிட அறிவு பயன்படும்.

இவ்விடத்து ஒன்றைக் குறிப்பிடலாம். இதே புழுவை எதிர்ப்பதற்காக, மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவைக் கத்தரியில் புகுத்தி, செடியே புழுவுக்கு நஞ்சாகுமாறு செய்தனர். 2010 பிப்ரவரி 9 அன்று இந்திய அரசு அதனை நிறுத்திவைத்தது. வங்கதேசம் 2013 இல் இசைவு தந்தது. அதன் நன்மை தீமைகளை ஆராய்தல் நம் வேலையன்று. ஆனால் அறநூல் கற்போருக்கு அது ஒரு நல்ல புதிர். விதைத்தவன் கை எதனையும் தெளிக்கவில்லை. புழு தானே உண்டு தானே சாகிறது. கொன்றவன் யார்? விதையைத் தெரிந்தெடுத்த எண்ணத்திலேயே கொலை அடங்கியிருக்கிறது என்பதே எமக்குத் தோன்றும் விடை. மாறாகச் சொல்வாரும் இருக்கலாம்.

முருங்கையின் கம்பளிப்பூச்சி இதனினும் கடியது. மழைக்காலத்தில் அடிமரத்தில் கூட்டங்கூட்டமாக ஒட்டிக் கிடக்கும். அதன் மயிர் பட்டால் குழந்தைகளுக்கு உடலெல்லாம் தடித்துவிடும். ஆகவே அதனை நீக்கும் தேவை வெறும் காய்க்கான தேவையன்று. மண்ணெண்ணெயில் நனைத்த துணியைக் கோலில் சுற்றிக் கொளுத்தி, மரத்தோடு சேர்த்துப் பொசுக்குவதே நெடுங்கால வழக்கம். அண்டை வீட்டார் கூடி நின்று பார்ப்பதும் உண்டு. இவ்வழக்கத்தை நம்மவர் கைவிட வேண்டும் என்று உறுதியாகக் கூறுவோம். மழைக்கு முன்னரே கிளைகளை வெட்டிவிடுவதும், இலையில் முட்டைத்திரள் தென்படும்போதே இலையோடு நீக்குவதும் இயலும். அவ்வாறு நீக்குவதும் உயிரை அழிப்பதே என்றாலும், எரியில் துடிக்கவைப்பதற்கு ஒப்பாகாது.

அசோகப் பேரரசர் தம் ஐந்தாம் தூண்சாசனத்தில், உயிர்கள் உள்ள உமியை எரிக்கலாகாது என்று ஆணையிட்டார். உமிக்குள் இருக்கும் சிற்றுயிர்களை ஒரு பேரரசு கருத்திற் கொண்டது என்பதை எண்ணுந்தோறும் வியப்பே மிகுகிறது. அவருடைய முதற் பாறைச்சாசனம் நம் வினாவிற்கு இன்னும் நெருங்கியது. முன்னர் அரண்மனை அடுக்களையில் நாள்தோறும் இலக்கக்கணக்கில் உயிர்கள் கொல்லப்பட்டன என்றும், இப்போது இரண்டு மயிலும் ஒரு மானும் மட்டுமே, அம்மானும் நாள்தோறும் அன்று என்றும், இனி அம்மூன்றும் கொல்லப்படமாட்டா என்றும் அவர் பொறித்தார். அம்மூன்றையும் மறைத்து, யாம் கொலையை விட்டொழித்தோம் என்று பறைசாற்ற அவரால் இயலாதிருந்திருக்குமா? எவர் கேட்டிருப்பர்? ஆயினும் எஞ்சிய கணக்கை அவர் கல்லில் எழுதினார். வாடிய நுனியைக் கிள்ளும் உபாசகருக்கு இதனினும் சிறந்த முன்மாதிரி இல்லை.

பெங்களூர்த் தோட்டங்களில் மழைக்காலத்தில் மொய்க்கும் பெரிய ஆப்பிரிக்க நத்தையும் தானாக வந்ததன்று. 1847 இல் மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவிற்கு ஒருவர் கொண்டுவந்து விட்டதன் வழிவந்தது. ஒரே இரவில் நாற்றங்காலை வெறுமையாக்கிவிடும். இதற்கு உப்புத் தூவுவதே பலர் அறிந்த வழி. உப்பில் அது நுரைத்து உருகிச் சாவதற்கு நெடுநேரம் ஆகிறது. விரைந்த சாவும் சாவே, உப்பிற் சாவும் சாவே என்பர் சிலர். நத்தைக்கு இரண்டும் ஒன்றல்ல. பப்பாளி இலையை மாலையில் பரப்பி வைத்தால் அங்கே கூடும். கையுறை அணிந்து பொறுக்கலாம். பொறுக்கியதை இருளில் அடுத்த வீட்டு மதிலுக்கு அப்பால் வீசிவிடும் கொல்லாமையாளர் சிலரைப் பற்றியும் கேள்விப்படுகிறோம். அவர் காத்தது தம் சீலத்தையோ, தம் கீரையையோ, அறியோம். அண்டை வீட்டார் மறுநாள் உப்புப் பொட்டலத்தோடு நிற்பார் என்பது உறுதி.

கொல்லாமையைப் பற்றிப் பேசும்போது நம்மவருள் சிலருக்கு இயல்பாகவே ஒரு கசப்பு எழுகிறது. அதனைக் குறை கூறுதற்கில்லை. விடியலில் வாசலில் அரிசிமாக் கோலமிட்டு எறும்புக்கு உணவளித்த நாடே, மனிதனை அவ்வாசலுக்கு எட்ட நிறுத்தியது. புலால் உண்ணாமையை உயர்வின் அடையாளமாக்கி, உண்போரை இழிந்தோர் என்றது. எறும்பின்பால் காட்டிய இரக்கம் பொய் என்று நாம் கூறவில்லை. அஃது எறும்போடு ஏன் நின்றுவிட்டது என்றே கேட்கிறோம். ஆகையால் நமக்கு முதற்சீலம் ஒருபோதும் தூய்மைச் செருக்காக மாறிவிடலாகாது. நான் புழுவைத் தொடேன், நீ தெளிக்கிறாய் என்று அண்டை வீட்டாரைப் பார்த்து மூக்கைச் சுளிக்கும் உபாசகர், எந்த வீட்டை விட்டு வெளியேறினாரோ அதே வீட்டிற்குக் கொல்லைப்புற வழியாகத் திரும்பி வந்துவிட்டார்.

வேலியோரக் கொடுக்கல் வாங்கலிலும் இது பொருந்தும். நம் வீட்டுப் பச்சைக்காயை வாங்கிக்கொள்வர். அதே காயைக் கூட்டாகச் சமைத்துக் கிண்ணத்தில் கொடுத்தால், இன்று விரதம் என்பர். இவ்வழக்கை நம் மூத்தோர் நன்கறிவர். இக்காலத்தும் அடியோடு மறைந்ததென்று சொல்வதற்கில்லை. மக்களைப் பிணைக்கும் நான்காகப் பகவர் கூறியவை தானம், இன்சொல், பிறர்க்குப் பயன்படும் செயல், ஒப்பநடத்தல் என்பன. முதல் மூன்றும் வேலியோரத்தில் குறைவின்றி நிகழ்கின்றன. விதை கொடுக்கிறோம், சிரித்துப் பேசுகிறோம், ஊருக்குப் போனால் ஒருவர் செடிக்கு மற்றவர் நீர் வார்க்கிறோம். நான்காவது மட்டும் கிண்ணத்தின் விளிம்பில் நின்றுவிடுகிறது. அதற்காகக் காய் கொடுப்பதை நிறுத்த வேண்டும் என்பது எம் கருத்தன்று. கிண்ணத்தையும் நீட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதே. விரதம் என்று சொல்வோர் எத்தனை நாள்தான் விரதமிருப்பர்!

தோட்டக்காரர் பேச்சு வீண்பேச்சா என்பதையும் சிலர் கேட்பர். அரசரையும் கள்வரையும் சோற்றையும் துணியையும் பற்றிய பேச்சைப் பிக்குகளுக்குப் பகவர் விலக்கினார் என்பது மெய்யே. இல்லறத்தாருக்கு உரிய அளவுகோல் சிகாலோவாத சுத்தத்தில் உள்ளது. நல்வழி கூறும் நண்பன் தீயதினின்று தடுப்பான், நல்லதில் ஊக்குவான், கேளாததைக் கேட்பிப்பான். கேளாததைக் கேட்பித்தல் என்பதற்குத் தோட்டக்காரர் கூட்டத்தைவிட நல்ல இடம் எது? கொசுவலையைப் பற்றி ஒருவர் சொன்ன சொல் ஒரு தெருவின் கத்தரிச் செடிகளையும் அவற்றை நாடி வரும் உயிர்களையும் காத்துவிடும். மாறாக, "இந்த மருந்தை அடியுங்கள், ஒன்றும் மிஞ்சாது" என்ற ஒரு சொல்லும் அதே விரைவில் பரவும்.

மீந்த மருந்தை அண்டை வீட்டாருக்குச் சோடாப் புட்டியில் ஊற்றிக் கொடுப்பது நம் பக்கத்தில் ஒரு நல்லெண்ணச் செயலாகவே கருதப்படுகிறது. விலை பெறாததால் இது நஞ்சு வாணிகம் ஆகாது என்பது சொல்லளவில் சரியே. 2013 சூலை மாதம் பீகார் மாநிலத்துக் கந்தாமன் ஊர்ப் பள்ளியில் மதிய உணவு உண்ட இருபத்துமூன்று குழந்தைகள் இறந்தனர். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டபாஸ் என்னும் பூச்சிக்கொல்லி கலந்திருந்தது. நஞ்சு இருந்த கலத்தில் எண்ணெய் வைக்கப்பட்டிருந்தது என்பது விசாரணையில் வெளிவந்த செய்தி. எவரும் குழந்தைகளைக் கொல்ல எண்ணவில்லை. எண்ணமே கருமம் என்று கற்ற நாம், எண்ணாமையும் எவ்வளவு செய்யவல்லது என்பதை இங்கே காண்கிறோம். மறவாமையைப் பகவர் ஏன் அவ்வளவு வலியுறுத்தினார் என்பது புட்டியில் பெயர் எழுதாமல் அலமாரியில் வைப்பவருக்கு விளங்க வேண்டும்.

கடைசியாக ஒரு சிறு செய்தி. புழு பொறுக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டு, புழு ஒன்றுக்கு இவ்வளவு காசு என்று கொடுக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. பிள்ளைகளும் போட்டியிட்டு எண்ணிக்கை கூட்டுவர். தேவையினால் கொல்வதற்கும் விருப்பத்தினால் கொல்வதற்கும் உள்ள எல்லை இவ்விடத்தில்தான் அழிந்துபோகிறது. பத்துப் புழுவுக்கு மேல் பதினொன்றாவது புழுவைத் தேடி அலையும் குழந்தைக்குக் கத்தரிக்காயைப் பற்றிய நினைவு இராது. நுனி கிள்ளும் வேலையைப் பெரியவர்களே செய்துகொள்ள வேண்டும். பிள்ளைகளுக்கு வலை கட்டும் வேலையும், பிஞ்சுக்குப் பை மாட்டும் வேலையும் தரலாம். முடிச்சுப் போடுவதில் அவர்களுக்கு இயல்பாகவே விருப்பம் உண்டு; அவிழ்ப்பதற்குத்தான் நமக்குச் சற்று நேரமாகும்.